விடைக்குண்டு

"நீ கேள்வியைப் படிக்கிறாயா, இல்லை, கேள்வி உன்னைப் படிக்கிறதா?"

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நேர்மறை நாயகர் அவளை நிறுத்தி வைத்துக் கேட்ட முதல் கேள்வி இது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததெல்லாம் பெரிய விஷயம் என்பது சிறுவயது முதல் அவள் கடைப்பிடித்து வந்த கொள்கை. ஆகவே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அரங்கம் கைதட்டியது. தட்டியவர்களில் ஒருவருக்காவது புரிந்திருக்குமா என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே அனுமதியும் இல்லை. வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார்கள்: "குடையையும் சந்தேகத்தையும் வெளியே வைக்கவும்." குடைக்காவது ஒரு கூடை வைத்திருந்தார்கள்.

அரங்கம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நாற்காலி, கட்டில் விற்கும் கடையின் மேல்மாடி. கீழே விற்காத நாற்காலிகளெல்லாம் மேலே வந்து சேர்ந்திருந்தன. ஒன்றுக்குக் கை இருக்காது, ஒன்றுக்கு முதுகு இருக்காது. அவற்றில் உட்காரத்தான் காலை ஆறு மணிக்கே தெருமுனை வரை வரிசை. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்கள், எழுதித் தோற்றவர்கள், பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே நேர்மறையாகிவிடலாம் என்று வந்த பெற்றோர்கள். சுவரெல்லாம் சுவரொட்டி: "படித்தது போதும். இனி ஈர்த்துக்கொள்."

நேர்மறை நாயகர் முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அந்தத் தொழிலில் ஒரு சங்கடம். வடிகட்டி வேலை செய்யவில்லை என்றால் வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார். நம்பிக்கையை விற்றால் அந்தத் தொல்லை கிடையாது. வேலை செய்யவில்லையா, கோளாறு வாங்கியவரிடம்தான். "உன் நம்பிக்கையில் எங்கேயோ ஓட்டை" என்று சொல்லி இன்னொரு வகுப்பில் சேர்த்துவிடலாம்.

இப்போது அவளைப் பற்றி. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் தையற்கடையில் வக்கீல்களுக்குக் கவுன் தைப்பவள். எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு பரீட்சையாக எழுதித் தேறினாள். வாயைத் திறக்க வேண்டாத பரீட்சைகள் அவளுக்கு ஒத்துப்போயின. ஒரு நாள் மத்தியானம் மாஸ்டர் சாப்பிடப் போனபோது தைத்து முடித்த கவுன் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தோள் சரியாக இருந்தது. கை நீளம் சரியாக இருந்தது. பட்டம்தான் இல்லை. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வாயே திறக்காத ஒருத்திக்கு வாதாடுகிற தொழிலில் ஆசை வந்ததை நினைத்து அவளுக்கே சிரிப்பு வரும். ஆசை வருவதற்கு முன் ஆளைப் பார்த்துக்கொண்டா வருகிறது?

மாலை நேரச் சட்டக் கல்லூரி ஒன்றுதான் அவளுக்கு வழி. அங்கே ஒருவர் மூன்று முறைதான் நுழைவுத் தேர்வு எழுதலாம். முதல் முறை எட்டு மதிப்பெண் குறைந்தது. இரண்டாம் முறை ஆறு. இந்த வேகத்தில் போனால் ஐந்தாம் முறை தேறிவிடலாம். கல்லூரிதான் காத்திருக்கத் தயாராக இல்லை. இது மூன்றாவது. இதிலும் போனால் காலமெல்லாம் அடுத்தவர் தோளுக்குத்தான் கவுன்.

இப்படிப்பட்டவளை நாயகருக்கு ஏன் பிடிக்காது?

அவருடைய முறையில் முதல் படி மனச்சுத்தி. ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. திருத்தியதும் தவறான விடை உள்ள பக்கங்களைக் கிழித்து, மேடையில் இருக்கும் தாள் நறுக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். தவறைத் திரும்பப் பார்த்தால் தவறு மனத்தில் பதிந்துவிடுமாம். மிஞ்சிய பக்கங்களை மட்டும் எண்ணி மதிப்பெண் போடுவார்கள். எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு.

அவளிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. இரண்டு வருடமாகத் தப்பாகப் போன ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, ஏன் தவறினோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். "அவசரம்." "அல்ல என்ற சொல்லைக் கவனிக்கவில்லை." "தெரியாது, தெரிந்த மாதிரி நடித்தேன்." நாயகர் அதைப் புரட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு விஷம்மா இது. இதை வீட்டுல வச்சுக்கிட்டு எப்படித் தூங்கின?"

நன்றாகத்தான் தூங்கியிருந்தாள். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. அவளே மேடையேறி, நாலு நாலு தாளாக அந்த நோட்டை இயந்திரத்துக்குள் ஊட்டிவிட்டாள். நடுவில் இயந்திரம் ஒரு தடவை சிக்கி நின்றது. அவள் இழுத்துச் சரிசெய்து மறுபடி ஊட்டினாள். இயந்திரத்துக்கு இருந்த தயக்கம்கூட அவளுக்கு இருக்கவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அண்ணனுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிற வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டில் அவளும் அண்ணியும்தான். அண்ணி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவர். வயதில் அவளைவிட இரண்டே வருடம் மூத்தவர், வாயில் இருபது வருடம்.

"இந்த வாரம் எவ்வளவு வாங்கின?" வேலைக்குப் போகும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டபடி அண்ணி கேட்டார்.

"நூத்துக்கு நூறு."

"போன வாரம்?"

"நூத்துக்கு நூறு."

"மொத்தம் எத்தனை கேள்வி?"

அவள் நகத்தைப் பார்த்தாள். "நூத்தம்பது இருந்துச்சு. சுத்தி பண்ணினதுக்கு அப்புறம் எழுபத்தெட்டு."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நல்ல ஏற்பாடா இருக்கே. எங்க ஆய்வகத்துலயும் சொல்லிப் பாக்கறேன். நோய் இருக்கிற ரத்தத்தையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டா, ஊர்ல ஒருத்தருக்கும் நோயே இல்லைன்னு எழுதிக் குடுத்துடலாம்."

"கேலி பண்ணாதீங்க அண்ணி. கேலி ஒரு எதிர்மறை அலை."

"அப்படியா. அலை அடிச்சா தள்ளி நில்லு, கோட்டு நனைஞ்சுடப் போகுது."

இரண்டாம் படிதான் விடைக்குண்டு. ஒரு சாண் நூலின் நுனியில் கோலி அளவு பித்தளைக் குண்டு. ஓர் அட்டையில் நாலு மூலைகளிலும் அ, ஆ, இ, ஈ. கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, குண்டை அட்டைக்கு மேலே தொங்கவிட வேண்டும். மனம் சுத்தமாக இருந்தால் குண்டு தானாகவே ஆடிச் சரியான விடையைக் காட்டும். கேள்வியைப் படிக்கக்கூட வேண்டாம், கேள்வி நம்மைப் படித்துக்கொள்ளும். குண்டைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்களே என்று ஒருவர் கேட்டார். அதற்குத்தான் மூன்றாம் படி என்றார் நாயகர். உள்குண்டு. ஆறு வாரம் பழகினால் குண்டு விரலுக்குள்ளேயே ஆடும். அதற்குத் தனி வகுப்பு, தனிக் கட்டணம்.

அந்த நூல் அவர்கள் கடையில் பொத்தான் தைக்கிற சாதாரண நூல் என்பது அவளுக்குத் தொட்டவுடன் தெரிந்தது. தெரிந்ததை உடனே மனச்சுத்தி செய்துவிட்டாள்.

அவள் கையில் குண்டு ஆடியது பாருங்கள், அப்படி யார் கையிலும் ஆடவில்லை. பழைய கேள்வித்தாள் எதை வைத்தாலும் சரி, இரண்டு மூச்சு விடுவதற்குள் குண்டு கிளம்பி நேராக விடையின் மேல் போய் ஆடும். பத்து வருடத்துக் கேள்விகள், ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு முறை தோற்றவளுக்கு அந்தப் பத்து வருடத்துக் கேள்விகளும் விடைகளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும் என்பதை யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. விடை தெரிந்த ஒருத்தியிடம் ஒரு குண்டு விடை சொல்கிறது, அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள். இதற்குத்தான் ஞாயிறுதோறும் முந்நூறு பேர் கைதட்டினார்கள்.

கரும்பலகைக்குப் போகப் பயந்து பள்ளியை விட்டவள் மேடையில் நின்றாள். அங்கே பேசவும் வேண்டாம். நூலைப் பிடித்தால் போதும். இதைவிட ஒரு கூச்சக்காரிக்கு வேறென்ன வேண்டும்? நாயகர் அவளைத் "தங்கக்கை" என்று கூப்பிட ஆரம்பித்தார். வாரத்துக்கு இருபது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களெல்லாம் அவளைக் காட்டித்தான் சேர்க்கப்பட்டார்கள் என்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது. தூண்டிலில் மாட்டிய புழு, ஆற்றில் தனக்கு எவ்வளவு கிராக்கி என்று பூரித்துப் போகுமானால் அப்படி.

தேர்வுக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது அண்ணியிடம் குண்டைக் கொண்டுவந்து காட்டினாள். அண்ணி சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடை தெரிஞ்ச கேள்விக்கு ஆடுது. தெரியாத கேள்விக்கு?"

"அதுக்கும் ஆடும். ஐயா சொல்லியிருக்கார்."

"ஐயா சொன்னது இருக்கட்டும். எங்க இடத்துல ரத்தக் குழாய் மேல பேர் எழுத மாட்டோம். வெறும் நம்பர்தான். ஏன் தெரியுமா? பேரைப் பாத்தா, இவர் குடிக்கிறவர், ஈரல் கெட்டிருக்கும்னு மனசு முன்கூட்டியே முடிவு பண்ணிடும். கண்ணும் அதையே பாக்கும். அதனால பாக்கறவருக்கு எதுவும் தெரியக்கூடாது. இதையும் அப்படி வச்சுப் பாக்கலாமா?"

"வச்சுப் பாக்கலாம். ஜெயிச்சா நீங்க ஐயாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன். மேடையிலயே கேக்கறேன்."

அவளுக்கு அன்று பொழுது போகவில்லை. அண்ணி முந்நூறு பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற காட்சியை எத்தனை விதமாக நினைத்துப் பார்க்க முடியுமோ அத்தனை விதமாகவும் நினைத்துப் பார்த்தாள்.

ஏற்பாடு சுலபமானது. அந்த வாரம்தான் தேர்வு அலுவலகம் புது மாதிரித்தாள் ஒன்றை வெளியிட்டிருந்தது. அண்ணி அதைப் படிக்காமல், கேள்விகளுக்கு நடுவே இருந்த கோட்டை மட்டும் பார்த்து, இருபது கேள்விகளை வெட்டி, மடித்து, ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினார். அவள் ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு துணிப்பைக்குள் போட்டுத் தைத்து மூடினாள். அதற்குப் பிறகுதான் பைகளுக்கு எண் போட்டார்கள். எந்தப் பையில் எந்தக் கேள்வி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அண்ணி தபால் உறை போதும் என்றார். அவள் கேட்கவில்லை. நாயகருக்கு முன்னால் தபால் உறையை நீட்டுவதா? கடையில் மிஞ்சிய கவுன் துணியில் இருபது சின்னப் பைகள் தைத்தாள். நல்ல கனமான கறுப்புத் துணி, உள்ளே இரட்டை மடிப்பு. விளிம்பெல்லாம் சங்கிலித் தையல். பக்தி என்றால் அப்படியொரு பக்தி.

ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக்கு இருபத்தொரு நாள். நாயகரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வைரத்தை உரசிப் பார்க்க வைரத்திடம் நேரம் கேட்பார்களா? மேடைக்குக் கூப்பிட்டதும் ஏறி, பைகளை மேசையில் அடுக்கி, இரண்டு வாக்கியம் சொன்னாள். அந்த அரங்கத்தில் அவள் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"எங்க அண்ணி ஒரு சோதனை வைக்கணும்னாங்க, ஐயா. நீங்க ஜெயிச்சுடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

அரங்கம் இடிபோலக் கைதட்டியது. நாயகர் முகத்தில் ஒன்று வந்து போனது. புன்னகை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"நல்லதும்மா. ஆனா சந்தேகப்படறவங்க உள்ள உட்காந்திருந்தா அலை கலங்கிடுமே."

"அதுக்கென்ன, நான் வெளிய போறேன்." அன்று அவளோடு வந்திருந்த அண்ணி எழுந்து, மாதிரித்தாளோடு வந்த விடைத்தாளை மூன்றாம் வரிசையில் இருந்த நீதிமன்றக் குமாஸ்தாவின் கையில் கொடுத்தார். பேரப்பிள்ளையோடு வந்திருந்த மனிதர், எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கம் பார்ப்பவர். அண்ணி படியிறங்கிக் கீழே போய், விற்பனைக்கு வைத்திருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"போயிட்டாங்க, ஐயா. இப்ப கலக்கம் இல்ல," என்றாள் அவள், உதவி செய்கிற ஆசையில்.

நாயகர் முதல் பையை எடுத்தார். விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்தார். "அலையைப் பாக்கறேன்," என்றார். வெகுநேரம் பார்த்தார். இரட்டை மடிப்புக் கவுன் துணி. சூரியனுக்கு நேரே பிடித்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் தையலை நெருடினார். சங்கிலித் தையல். அவள் தைத்தது, பிரியுமா?

"எத்தனை நாள் வேணும்னாலும் தாங்கும், ஐயா," என்று அவள் உறுதி சொன்னாள்.

"தங்கக்கை, நீயே பிடிம்மா."

பிடித்தாள். அட்டையின் நடுவில் குண்டு தொங்கியது. மனத்தைச் சுத்தமாக்கினாள். மூச்சை நிறுத்தினாள். குண்டு அசையவில்லை. மேஸ்திரி யாராவது பார்த்திருந்தால், சுவர் நேராக இருக்கிறது, பூசலாம் என்று சொல்லியிருப்பார். அடுத்த பை. அடுத்த பை. வழக்கமாக விடை வருவதற்கு முன் விரல் நுனியில் ஒரு சின்னக் குறுகுறுப்பு வரும். அது வரவே இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது.

நாயகர் அரங்கத்தின் பக்கம் திரும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்க. நல்லாப் பாருங்க. ரெண்டு தடவை தோத்த பொண்ணு. நம்பிக்கையில ஓட்டை விழுந்துடுச்சு. ஓட்டை எப்படி விழுதுன்னு பாத்துக்குங்க."

முந்நூறு முகங்கள் அவளைப் பார்த்தன. எட்டாம் வகுப்புக் கரும்பலகை மறுபடி எதிரே வந்து நின்றது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் அவர் சொன்ன வாக்கியம் ஒன்று மட்டும் எங்கேயோ இடித்தது. கழுத்துப்பட்டியில் ஊசி விட்டுப்போனால் உறுத்துமே, அப்படி.

நம்பிக்கையில் ஓட்டையா? அந்த நிமிடத்தில் அவளிடம் இருந்த நம்பிக்கையை முந்நூறு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போக மிச்சம் இருந்திருக்கும். அவள் நம்பித்தானே பை தைத்தாள்? நம்பித்தானே அண்ணியிடம் பந்தயம் கட்டினாள்? அவர் சொல்வது அவளைப் பற்றியது. அவளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அது பொய்.

"அப்ப நீங்க பிடிங்க, ஐயா," என்றாள். "உங்க நம்பிக்கையில ஓட்டை விழாதே."

அதில் கிண்டல் ஒரு துளியும் இல்லை. அதுதான் நாயகருக்கு வினையாக வந்தது. கிண்டலாக இருந்தால் கோபித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். பக்தையிடம் எப்படிக் கோபிப்பது? முன்வரிசைத் தாய்மார்கள் வேறு, "ஐயா பிடிங்க, ஐயா பிடிங்க," என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

பிடித்தார். ஆட்டம் என்றால் அது ஆட்டம். குண்டு அப்படியொரு வீச்சு வீசியது. இருபது பைக்கும் இருபது விடை, தயக்கமே இல்லாமல். அவள் ஒவ்வொரு பையாக நூலை அறுத்து, கேள்வியை வாசித்தாள். குமாஸ்தா விடைத்தாளைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தார். "தப்பு" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"இருபதுக்கு மூணு," என்றார் கடைசியில். எழுந்து நின்று சட்டைப்பையைச் சரிசெய்துகொண்டார். "என் பேரன் கண்ணை மூடிக்கிட்டு இந்த இருபதுக்கும் ஆ போட்டான். அவனுக்கு அஞ்சு வந்தது."

எங்கேயோ ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது.

"கறுப்புத் துணி," என்றார் நாயகர். "கறுப்பு அலையைக் குடிச்சுடும். முதல்லயே சொல்லியிருக்கணும். திறந்த தாளைக் குடுங்க, இப்பவே காட்டறேன்."

அவள் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மாதிரித்தாளில் வெட்டாமல் மிஞ்சிய பக்கம். அதிலிருந்து ஒரு கேள்வியை உரக்கப் படித்தாள். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

"நாலு சாட்சிகள் வரிசையா நிக்கறாங்க. ஆசிரியை இடது ஓரம். மருத்துவருக்கு அடுத்து வலப்பக்கம் காவலாளி. ஓட்டுநர் ஆசிரியைக்குப் பக்கத்துல இல்ல. வலது ஓரத்துல நிக்கறது யார்? அ, ஓட்டுநர். ஆ, மருத்துவர். இ, காவலாளி. ஈ, ஆசிரியை."

படித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நாலு பேரும் கண்ணெதிரே வந்து நின்றுவிட்டார்கள். ஆசிரியை இந்த ஓரம். ஓட்டுநர் அவருக்கு அடுத்து நிற்கமுடியாது. காவலாளியும் நிற்கமுடியாது, அவருக்கு முன்னால் மருத்துவர் வேண்டும். ஆக மருத்துவர், காவலாளி, ஓட்டுநர். விடை அ. குண்டைத் தொடாமல், யாரையும் கேட்காமல், மேடையில் நின்றுகொண்டு அவள் போட்ட முதல் கணக்கு அது.

பிறகு ஒரு காரியம் செய்தாள். ஏன் செய்தாள் என்று பின்னாளில் அண்ணி பலமுறை கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாயகரின் காதருகே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஈன்னு பின்னாடி அச்சாகியிருக்கு, ஐயா," என்றாள்.

நாயகர் அவளைப் பார்த்த பார்வையில் நன்றி பொங்கி வழிந்தது. கண்ணை மூடினார். குண்டு நடுங்கியது, சுழன்றது, மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. போய் நின்று ஆடியது ஈயின் மேல்.

"ஈ," என்றார் நாயகர். குரல் கணீரென்று இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. முந்நூறு பேரும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த மாடியில் ஒரு கேள்வியை யோசித்துப் பார்த்தார்கள்.

"ஆசிரியை இடது ஓரம்னு கேள்வியிலயே இருக்கே," என்றார் குமாஸ்தா. "அவங்க எப்ப வலது ஓரம் போனாங்க?"

அவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். "பின்னாடி ஒண்ணும் அச்சாகல. வெறும் தாள். ஈன்னு நான்தான் பொய் சொன்னேன், இவர் காதுல. எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். குண்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை விவரிக்கத் தேவையில்லை. நாயகர் அலை, ஓட்டை, துரோகம் என்று என்னென்னவோ சொன்னார். யாரோ தாள் நறுக்கும் இயந்திரத்தின் கூடையைக் கவிழ்த்து, தங்கள் பக்கங்களைத் தேடினார்கள். எல்லாம் இழை இழையாகக் கிடந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள். "அவர் ஏமாத்தினார், சரி. என் கையில ஆடினப்ப நான் ஆட்டலையே, அண்ணி."

"நீதான் ஆட்டின. வேணும்னு ஆட்டல. விடை மனசுல வந்ததும் விரல் நூலிழை அளவு அசையும். நூலோட நுனியில அது பெரிசாத் தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப மூணு மாசமா என்னை நானே..."

"ஆமா," என்றார் அண்ணி. "அந்த ஆள் கூரை போட்டுக் குடுத்தார். உள்ள கூத்து உன்னோடது."

மன்னிப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இருபத்தொரு நாள் இருந்தது. நோட்டு இல்லை. பத்து வருடத்துத் தாள்கள் விடையோடு மனப்பாடமாகிவிட்டதால் அவற்றால் பயனில்லை. வேறு கல்லூரிகளின் தாள்களைத் தேடி வாங்கி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். முதல் நாளே தெரிந்துவிட்டது. இழை இழையாக நறுக்கப்பட்ட அவளுடைய தவறுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. அத்தனையும் பத்திரமாக அவளிடமே இருந்தன. அதே அவசரம், அதே "அல்ல". பழைய உறவினர்களைப் போல ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. இந்த முறை அவள் துரத்தவில்லை. எல்லோரையும் பெயர் எழுதி வைத்துக்கொண்டாள். காலையில் ஒரு தாள், கடையில் மத்தியான இடைவேளையில் தவறுகள், மாலையில் அதே தவறுக்கு வேறு கேள்வி. பயம் வந்தது. பயத்தோடேயே எழுதினாள். நூற்றுக்கு நூறு ஒரு நாளும் வரவில்லை.

தேறினாள். தேவையான மதிப்பெண்ணுக்கு மேல் சரியாக இரண்டு. அண்ணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பயந்தாங்கொள்ளி," என்றார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் கடைக்குப் பொத்தான் வாங்கப் போனபோது, நாலு தெரு தள்ளி ஒரு புது மாடியின் வாசலில் அவள் தன்னைப் பார்த்தாள். ஆள் உயரச் சுவரொட்டி. கையில் நூல், நூலில் குண்டு, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: "எங்கள் தங்கக்கை. மூன்றாம் முறையில் வெற்றி."

வரிசை தெருமுனை வரை நின்றது. சிலர் பழைய மாடியில் பார்த்த முகங்கள்.

அவள் பொத்தான் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையின் நடுவில் போய் நின்றாள். "இதுல இருக்கிறது நான்தான். குண்டால நான் தேறல. குண்டை விட்டதாலதான் தேறினேன்."

"எல்லாரும் தேறினதும் இப்படித்தாம்மா சொல்றீங்க," என்றாள் ஓர் அம்மா. "எம்பொண்ணு முன்னுக்கு வந்துடக் கூடாதுன்னு பாக்கற. நல்லாயிரு."

"ரகசியத்தை அமுக்கிக்கப் பாக்குது," என்றான் இன்னொருவன். பழைய மாடியில் கூடையைக் கவிழ்த்துத் தன் தாளைத் தேடியவன்தான்.

அவளுக்கு அழுகை வரப்பார்த்தது. அதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் இப்படி ஒரு வரிசையில் நின்ற ஒருத்தியிடம் யாராவது வந்து இப்படிச் சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எதிர்மறை அலை என்று சொல்லித் தள்ளி நின்றிருப்பாள்.

"சரி, என்னை நம்பாதீங்க," என்றாள். "அவரையும் நம்பாதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசிச்சுட்டு உள்ள போங்க. எல்லாக் கேள்விக்கும் சரியான விடை அந்தக் குண்டுக்குத் தெரியும்னா, அதை வச்சிருக்கிறவர் ஏன் இன்னும் வக்கீல் ஆகல?"

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

நடுவில் ஒருவர் மட்டும் நகரவில்லை. பேருந்து ஓட்டுநரின் சீருடை, வேலை முடித்து நேராக வந்திருக்க வேண்டும். கையில் மகளின் பெயர் எழுதிய விண்ணப்பம். சுவரொட்டியை ஒருமுறை பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார். விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வரிசையை விட்டு விலகி நடந்தார்.